பேட்டரி காலண்டரில் இருந்த கை

சென்ற தீபாவளியை ஒட்டி ஜொகூர் பாருவில் ஒரு விளம்பர நிறுவனத்தின் திறந்த இல்ல விருந்துக்குப் போயிருந்தேன். அதை நடத்தும் ஷர்மினி, நான் ஓய்வு பெறும்போது என்னோடு வேலையில் இருந்தவர். முறுக்குத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு என்னைக் கணினித் திரை முன்னால் உட்கார வைத்தார். திரையில் நீண்ட கை வைத்த சட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஷர்மினி ஏதோ ஒரு வரி தட்டினார். சட்டையின் கைகள் மறைந்து அவளுடைய தோள்கள் வெளியே தெரிந்தன.

"பாத்தீங்களா அங்கிள், மூணு செகண்ட். சிங்கப்பூருக்கு ஒன்னு, நம்ம பக்கத்துக்கு ஒன்னு. உங்க காலத்துல இதுக்கு எத்தனை நாளு ஆவும்?"

"ஒன்பது நாள்" என்றேன்.

"ஒன்பது நாளா! அலமாக், அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிருக்கும்லா" என்றான் பக்கத்து மேசையில் இருந்த ஓர் இளைஞன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது ஷர்மினி சொன்னார்: "இதையெல்லாம் எழுதுங்க அங்கிள். இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு ஒன்னும் தெரியாது." சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் முப்பத்தைந்து ஆண்டு வேலையில் ஒரே ஒரு படம்தான் கண் முன்னால் வந்து நின்றது. அதைச் செய்தது நான் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவரிடமே சொல்லாமல் அதை எழுதுவது சரியில்லை. அவர் குளுவாங் பக்கத்தில் பாலோ என்ற சிற்றூரில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவரை இங்கே தேவி என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயர் அன்று.

நான் படித்தது மூவாரில். ஆறாம் படிவம் முடித்துக் கோலாலம்பூரில் இரண்டு ஆண்டு ஓவியம் கற்றேன். ஆசிரியர் வேலைக்குப் போகச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்து, ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த விளம்பரக் கூடத்தில் சேர்ந்தேன். அப்போது இருபத்து நான்கு வயது. நகரின் ஓரத்தில் தம்போயில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

அங்கே எனக்குக் கிடைத்த வேலை, பெண்களை மூடுவது.

வெளிநாட்டு சோப்பு, வாசனைத் திரவியம், கடிகாரம் எல்லாவற்றுக்கும் படங்கள் சிங்கப்பூர் வழியாக வரும். அங்கே அப்படியே அச்சாகும். நம் பக்கத்தில் பத்திரிகையில் போட வேண்டுமானால் தோள் தெரியக்கூடாது, முதுகு தெரியக்கூடாது, வயிறு தெரியக்கூடாது. அவசரத்தில் சிலர் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள். எங்கள் கூடம் துணி போட்டு அனுப்பும். இல்லாத துணியை வரைவோம்.

படத்தின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய கண்ணாடித் தாளை விரிப்போம். மூட வேண்டிய இடத்தைச் சுற்றிக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். தாள் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கும் படத்தில் கீறல் விழக்கூடாது. அதனால் மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் கத்தியை இழுப்போம். வெட்டிய துண்டை உரித்தெடுத்தால் அந்தத் தோள் மட்டும் திறந்து நிற்கும், மற்றதெல்லாம் தாளுக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு ஏர்பிரஷ். பேனா அளவுக் கருவி, பின்னால் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே இருக்கும். முதலில் துணியின் நிறத்தைப் புகை போலத் தூவுவோம். அடுத்து மடிப்புகளின் நிழல். கடைசியாக வெளிச்சம் படும் மேட்டில் ஒரு சொட்டு வெள்ளை. தாளை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெண் ரவிக்கையோடு பிறந்தவள் போல இருப்பாள்.

நான்கு ஆண்டுகள் இப்படி மூடியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். விளம்பரத்தில் பார்ப்பவனுடைய கண், துணி முடிந்து தோல் தொடங்கும் ஓரத்தில் போய் நிற்கும். அந்த ஓரத்தை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் வியாபாரம். அரை அங்குலம் ஏற்றினால் அது குடும்பத்துக்கான சோப்பு. அரை அங்குலம் இறக்கினால் அதே சோப்பைப் பார்க்கும் ஆள் வேறு எதையோ வாங்க நினைப்பான். சோப்பு ஒன்றுதான்.

கூடத்தின் தலைவர் திரு. சேவியர். தினமும் கோவிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வரும் கத்தோலிக்கர். எந்தப் படத்தையும் தொடுவதற்கு முன் கைகழுவி, துடைத்து, விரல்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். முடித்த வேலையைக் கொண்டுபோய் வைத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

"நேரா வெச்சா பொண்ணு தெரியும். தலைகீழா வெச்சாதான்யா வேலை தெரியும்" என்பார்.

ஓரம் தெரிந்தால் சுண்டுவிரலால் அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒன்றும் தெரியவில்லை என்றால், "ஓரம் இல்ல" என்பார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களுக்காக நாங்கள் ஏங்குவோம்.

ஒருமுறை நான் கேட்டேன்: "சார், இந்தப் பெயிண்ட் விளம்பரத்துக்கும் அந்தப் பொண்ணோட இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"யாராவது கேட்டிருக்கானா? அதான் சம்பந்தம்" என்றார்.

தேவியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாலோவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஜொகூர் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மெக்கானிக்கான அண்ணன் ராஜுவோடு தம்போயில் வாடகை வீட்டில் இருந்தார். காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் போவோம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் விளம்பரப் பலகைகளுக்கெல்லாம் என்னிடம் பதில் கேட்பார்.

"மணியண்ணே, அந்தப் பொம்பளை ஏன் பெயிண்ட் டின்னு மேல சாஞ்சிக்கிட்டு இருக்கா? அது காய வேணாமா?"

"அது மூடியிருக்கிற டின்னு."

"அப்ப அவதான் தொறந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் வேறொன்று. "டயரு வாங்குனா அந்தப் பொண்ணும் கூட வருமா? இல்ல, தனியா ஆர்டர் பண்ணணுமா?"

அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் பஸ் ஓட்டுநரும் அண்ணன்தான், ரொட்டி சானாய் போடுகிறவரும் அண்ணன்தான் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். ஒரு நாள் அவர் வராவிட்டால் அன்றைக்கு என் கத்தி கோணலாகப் போகும். அவ்வளவு விருப்பம் இருந்தும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளலாம், அவசரம் என்ன என்று இருந்தேன்.

ஒரு கூந்தல் எண்ணெய்க் கம்பெனி தீபாவளிக் காலண்டருக்கு நம் ஊர்ப் பெண் முகம் வேண்டும் என்று கேட்டபோது தேவியைக் கேட்டேன். சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கை தெரியுமா?"

"தெரியணும்னு இல்ல. ஏன்?"

வலது மேல்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆறு வயதில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனபோது, ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலம் கையில் கொட்டிவிட்டது. தோளிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப்போய்விட்டது. வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் குட்டைக் கை வைத்த எதையும் உடுத்தி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முழங்கைக்குக் கீழ வர்ற ரவிக்கை போட்டுக்குங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்துப்பீங்கல்ல? அப்ப சரி."

ஒரு சனிக்கிழமை காலை, ராஜுவோடு கூடத்துக்கு வந்தார். ராஜு கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைகட்டிக்கொண்டு கடைசி வரை நகரவில்லை. படம் அழகாக வந்தது. எண்ணெய்க் கம்பெனி மகிழ்ந்தது. சேவியர் அந்தக் காலண்டரை மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டி வைத்தார்.

அங்கேதான் பேட்டரி விற்கும் ஒரு தவுக்கே, சீன முதலாளி, அதைப் பார்த்தார். வாகனப் பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுக்க அவருக்கு ஒரு காலண்டர் வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்து ஆட்களுக்குச் சலித்துவிட்டதாம். தேவியின் முகத்தைக் காட்டி, "காசி புக்கா சிக்கிட்" என்றார். கொஞ்சம் திறந்து கொடு என்று அர்த்தம். ஜன்னலைத் திறக்கச் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்த கண்டிப்பு பட்டறைச் சுவருக்கு இல்லை. அந்தக் காலண்டர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. பார்ப்பது மட்டும் எல்லாரும்.

சேவியர் தலையாட்டவில்லை. "சிங்கப்பூர்லேருந்து மாடல் யாரையாச்சும் கூப்பிடலாம்" என்றார். அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"இந்தப் படத்துலயே என்னால முடியும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "செஞ்சு காட்டு. நல்லா வந்துச்சுன்னா அந்தப் பொண்ணுகிட்ட கேப்போம்."

ஒன்பது நாள் ஆயிற்று. நான்கு ஆண்டுகளாகத் துணியை வரைந்தவனுக்குத் துணியை எடுக்கத் தெரியாதா? முன்பு நான் தோளை மூடிய ஒரு வெளிநாட்டு சோப்புப் படத்தின் மூலப் பிரதி அலமாரியில் இருந்தது. அந்தப் பெண் நின்ற கோணமும் தேவி நின்ற கோணமும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தத் தோளையும் கையையும் இடுப்பையும் தேவியின் முகத்துக்குப் பொருந்தும் அளவில் பிரதியெடுத்து, வெட்டி, ஒட்டினேன். கழுத்தில் இரண்டும் சேரும் இடத்தை மறைக்கவே மூன்று நாள் போயிற்று. வெள்ளைக்காரியின் தோலை நம் நிறத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள். நனைந்த சேலைத் தலைப்பு ஒன்றைத் தோளிலிருந்து நழுவ விட்டேன். அந்த ஓரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சேவியர் சொன்னார், நான் செய்தேன் என்று எழுதினால் அது பொய். ஆசையோடு செய்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் நினைத்துப் பார்க்கத் துணியாததையெல்லாம் மேசையில் வைத்து, நிதானமாக, விளக்கு வெளிச்சத்தில் வரைந்தேன். இன்னொன்றும் உண்டு. அது இதைவிடக் கேவலம். தழும்பு இல்லாத ஒரு கையை அவருக்குத் தருகிறேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். நான் அவருக்கு நல்லது செய்கிறேனாம்.

பத்தாம் நாள் சேவியர் கைகழுவிவிட்டு வந்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"ஓரம் இல்ல" என்றார்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். இல்லை. படத்தை நேராகத் திருப்பி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மணியம், இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டது எண்ணெய்க்கு. இதுக்கு இல்ல. வாயால சொல்லிக் கேக்காத. படத்தை எடுத்துட்டுப் போ, நேரா காட்டிக் கேளு. அது சரின்னா பிரஸ்ஸுக்குப் போவும். வேணாம்னா கிழிச்சுப் போட்டுடலாம். தவுக்கேகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் காலை படத்தை அட்டைக்குள் வைத்து, பழுப்புத் தாள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தேவி ஏறியதும் நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா மணியண்ணே, அவ்ளோ பெருசு? இன்னிக்கு யாரு சாஞ்சிருக்கா, எதுமேல?"

"ஒன்னும் இல்ல. பழைய வேலை."

"காட்டுங்களேன்."

"பஸ்ஸுல பிரிக்கக்கூடாது. தூசு படும்."

"ஓரமா மட்டும் பிரிங்க. ஒரு கண்ணால பாத்துக்கறேன்." தாளின் மடிப்பில் விரல் வைத்தார். நான் அட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சரிலா, வெச்சுக்குங்க உங்க புதையலை" என்று சிரித்துவிட்டு, தொழிற்சாலையில் யாரோ மேற்பார்வையாளரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

காட்டியிருந்தால் அவர் பார்த்திருப்பது தம்மை அல்ல, என்னை. ஒன்பது நாள் என் தலைக்குள் என்ன இருந்தது என்பது அந்த அட்டையில் இருந்தது. அதனால் காட்டவில்லை.

கூடத்துக்குப் போனதும் சேவியர் கேட்டார்: "காட்டுனியா?"

"காட்டுனேன் சார். சரின்னாங்க."

காலண்டர் அச்சாகி தம்போய் முதல் மூவார் வரை பட்டறை பட்டறையாகத் தொங்கியது. ஜனவரி முதல் வாரத்தில் ராஜு ஒரு பிரதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். அவர் வேலை பார்த்த பட்டறையின் சுவரில் அவருடைய முதலாளியே அதை மாட்டியிருக்கிறார்.

"யாருய்யா இதைச் செஞ்சது? என் தங்கச்சிய நானே கூட்டியாந்து நிக்க வெச்சேன். இதே எடத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ரவிக்கை இதுவரைக்கும் இருந்துச்சு." தம் முழங்கைக்குக் கீழே ஓங்கி அடித்துக் காட்டினார். "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? ஒர்க்‌ஷாப்புல ஒவ்வொருத்தனும் என்னையப் பாத்து என்ன கேக்கறான் தெரியுமா?"

"பொறுப்பு என்னோடதுப்பா" என்றார் சேவியர்.

ராஜு என் பக்கம் திரும்பினார். "மணியம், நீ இங்கதான இருக்க? உனக்குத் தெரியாமலா நடந்துச்சு?"

"நான் லீவுல இருந்தேன் ராஜு. எனக்குத் தெரியாது."

சேவியர் என்னையே பார்த்தார். ராஜு இறங்கிப் போன பிறகு கேட்டார்: "காட்டுனேன்னு சொன்னியே?"

"காட்டுனேன் சார்."

"சரி" என்றார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளிலிருந்து என் வேலையை அவர் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. கொண்டுபோய் வைத்தால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி இருந்த பிரதிகளைத் தவுக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். தொங்கியவை தொங்கியபடியே இருந்தன. தேவி பாலோவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிப்ரவரியில் ஒரு மதியம் ராஜு என்னைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கு என் மேல் சந்தேகமே இல்லை.

தேவிக்குக் குளுவாங்கில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"நிச்சயத்துக்கு வந்தவங்க, தட்டு வெக்கிற எடத்துல அந்தக் காலண்டரை வெச்சாங்க" என்றார் ராஜு. "பையனோட அம்மாதான். 'இது யாரு?'ன்னாங்க. எங்கப்பா தலையக் குனிஞ்சிட்டாரு. தேவி கையைச் சுருட்டப் பாத்துச்சு. ரவிக்கை இறுக்கம், வரல. உள்ள போயி கத்திரிக்கோலு எடுத்தாந்து, அத்தனை பேரு முன்னாலயும் தோளு வரைக்கும் வெட்டுச்சு. 'இதான் என் கை, பாத்துக்குங்க. அதுல இருக்கிறது என்னுது இல்ல'ன்னுச்சு."

"நம்புனாங்களா?"

"நம்பாம? நல்லா நம்புனாங்க. அந்தம்மா கிட்ட வந்து தழும்பைத் தொட்டுப் பாத்துட்டு, 'இதை ஏன் முன்னாடியே சொல்லலை?'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சிட்டாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மேசையில் நான் சொல்லியிருக்க வேண்டும். "டீ ஆறிப்போச்சு, குடிங்க" என்றேன்.

தேவி மறுபடி தம்போய்க்கு வேலைக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் அறையைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுபக்கத்துக்குக் குடிபோனேன். பிறகு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை யாரும் தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பெண்ணோடு பேசினாலும் தாளின் மடிப்பில் வைத்த அந்த விரல் நினைவுக்கு வரும். அவ்வளவுதான்.

சேவியருக்குப் பிறகு கூடத்துக்கு நான் தலைவனானேன். கணினி வந்தது. ஐஸ்கிரீமுக்கும் பெண், கைப்பேசிக்கும் பெண், வீட்டுக் கடனுக்கும் பெண். எதையும் நான் மறுத்ததில்லை. முடிந்த படத்தை அதில் இருப்பவரிடம் நானே கொண்டுபோய்க் காட்டாமல் மட்டும் அச்சுக்கு அனுப்பியதில்லை. நல்ல பழக்கம் என்று புதியவர்கள் என்னைப் பாராட்டுவார்கள்.

விருந்துக்குப் போய்வந்த மறுவாரம் குளுவாங்குக்கு பஸ் பிடித்தேன். அங்கிருந்து வாடகைக் கார். பாலோவில் ராஜு இப்போது சொந்தமாக நடத்தும் பட்டறையைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டின் முன் ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அரைக்கை டி-சட்டை. தழும்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. அந்தக் கையை நான் முதல் முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்ததும் இத்தனை ஆண்டு சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் போய்விட்டன.

அவர் குழாயை மூடிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"மணியண்ணேயா? அடடா, தலையில ஒன்னும் காணோமே. நம்ம எண்ணெய் போடலையா நீங்க?"

உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் ஆனதாம். கணவர் சிங்கப்பூரில் பஸ் ஓட்டியவர், மூன்று ஆண்டுக்கு முன் தவறிவிட்டார். "நல்ல மனுஷன். 'இந்தக் கையில என்னாத்துக்கு முழுக்கை போட்டுக்கிட்டு வேர்த்து வடியற?'ன்னு அவருதான் மாத்துனாரு" என்றார்.

நான் காப்பியைத் தொடாமல் சொன்னேன். சோப்புப் படம், ஒன்பது நாள், பஸ்ஸில் மடியில் வைத்திருந்தது, சேவியரிடம் சொன்ன பொய், ராஜுவிடம் சொன்ன பொய், இப்போது இதை எழுதப்போவது. எதையும் விடவில்லை. அவர் மேசை விரிப்பை விரலால் நீவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"ராஜு சொன்னாரா?"

"அண்ணனுக்குத் தெரியாது. உங்க பாஸு வந்தாரு. அண்ணன் அங்க வந்து சத்தம் போட்ட மறுநாளே தனியா இங்க வந்து, அப்பா கால்ல விழப் போனாரு. உங்க பேரைச் சொல்லல. 'யாராச்சும் இந்தப் படத்தைக் கொண்டாந்து உன்கிட்ட காட்டுனாங்களாம்மா?'ன்னு மட்டும் கேட்டாரு. இல்லைன்னேன். அவரு மொகம் போன போக்கைப் பாத்தேன். எனக்கு அப்பதான் அந்த பிரவுன் தாளு ஞாபகம் வந்துச்சு."

சேவியர் ஏன் என் வேலையைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்தினார் என்பது நாற்பது ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் எனக்குப் புரிந்தது.

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தம்போயிலதான் இருந்தேன்" என்றார் தேவி. "நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். வந்திருந்தா திட்டியிருப்பேன். கையில கெடைச்சதை எடுத்து அடிச்சிருப்பேன். அதுக்கப்புறம்..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று கேட்கும் உரிமையை நான்தான் அறையைக் காலி செய்துகொண்டு போனபோது விட்டுவிட்டேன்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதை இப்ப கேக்காதீங்க. எனக்கே தெரியல." எழுந்து என் காப்பியை எடுத்துப் பார்த்தார். "ஆறிப்போச்சு. வேற கலக்கறேன்." அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "எழுதப்போறேன்னீங்கல்ல? எழுதுங்க. என் பேரு வேணாம். ஊரு பேரு போடுங்க. சிங்கப்பூர்ல யாரும் என்னைய ஒன்னும் கேட்டதில்ல. இங்கதான் இன்னமும் ரெண்டு கெழவனுங்க அந்தக் காலண்டரைச் சொல்லிச் சிரிச்சிக்கிட்டு இருக்கானுங்க."

"எழுதினதும் உங்களுக்கு அனுப்பவா?"

"வேணாம். பத்திரிகை கடைக்கு வரும். வாங்கிப் படிச்சுக்கறேன். போறதுக்கு முன்னால அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டுப் போங்க. அவருகிட்டயும் உங்க வாயால சொல்லுங்க."

போனேன். சொன்னேன். ராஜு கையில் இருந்த ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு, வாசலைக் காட்டினார்.

பாலோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் வயதானவர்களுக்கு அந்தப் பேட்டரி காலண்டர் நினைவிருக்கும். அதில் முகம் மட்டும்தான் உங்கள் ஊர்ப் பெண்ணுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தது வேறொரு நாட்டுப் பெண்ணின் படம். அதை வெட்டி ஒட்டி, நம் நிறம் பூசி, சேலையை நழுவ விட்டது நான். அவரிடம் கேட்கவில்லை, காட்டவும் இல்லை. படம் எடுத்த அன்று அவர் முழங்கைக்குக் கீழே வரும் ரவிக்கை அணிந்து, பக்கத்தில் அண்ணனை உட்கார வைத்துக்கொண்டுதான் நின்றார்.